வலது பக்கம் காலி

ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் அவள் வேலை பார்க்கிறாள். டாக்டர் வாய் வழியாகக் குழாயை இறக்கி வயிற்றுக்குள் பார்த்தபடியே, கண்டதை ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்வார். ஹெட்போனில் அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். இருந்தும், சேர்ந்த புதிதில் அந்த வார்த்தைகள் மிரட்டின. ஒரு நோட்டுப் போட்டாள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் வீட்டுப் பேச்சு. டிஸ்ஃபேஜியாவுக்கு எதிரே, ‘முழுங்க முடியல.’ மெலினாவுக்கு எதிரே, ‘கருப்பா போகுது.’ கார்சினோமாவுக்கு எதிரே மட்டும் காலியாக விட்டாள். அதற்கான சொல் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

“ஏய் டிக்‌ஷனரி, ஒருத்தர் ரிப்போர்ட்டைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். போய்க் காப்பாத்து” என்பாள் நர்ஸ். அவளும் போய்ச் சொல்வாள். பாதி ரிப்போர்ட்டுகளில் ‘கேஸ்ட்ரைடிஸ்’தான் இருக்கும். “இரைப்பை கொஞ்சம் புண்ணாகியிருக்குய்யா, காரத்தைக் குறைங்க” என்றதும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிக் காத்து நின்றவர் அவளுடைய அப்பா. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

“என்னம்மா போட்டிருக்கு?”

“புண்ணுதான்பா.”

புண் என்பதும் அதில் இருந்தது. சந்தேகத்துக்குரிய வளர்ச்சி, பயாப்சிக்குச் சதை எடுக்கப்பட்டது என்பதும் இருந்தது. ஐந்தாம் நாள் முடிவு வந்தது: கார்சினோமா. அப்பாவின் சீட்டில் இருந்தது அவளுடைய போன் நம்பர் என்பதால் ஆஸ்பத்திரி அவளைத்தான் கூப்பிட்டது. “நான் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்” என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் போயிற்று. “புண்ணுதானே, இந்தக் கட்டடம் முடியட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, சாரத்தின் மேலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். அந்த வருடமே அப்பா போய்விட்டார்.

பயந்தாளா, அல்லது அவர் முகம் தெளிவதைப் பார்க்க ஆசைப்பட்டாளா? இன்றுவரை அவளுக்கே பிடிபடவில்லை.

அப்பாவைப் பரிசோதித்தபோது டாக்டர் பேசிய ஒலிப்பதிவை அவள் அழிக்கவில்லை. டாக்டரின் ஆங்கிலம் முடிந்த பிறகும் கருவி சில நொடிகள் ஓடியிருக்கிறது. அப்பாவின் இருமல். பிறகு கரகரத்த குரல்: “முடிஞ்சுதா சார்? எம் பொண்ணு இங்கதான் இருக்கா. அவ பார்த்துச் சொல்லிடுவா.”

யாருடைய பதிவைக் கேட்டாலும், டாக்டர் நிறுத்தியதும் அந்தக் குரல் வரப்போகிறது என்று அவள் காது விறைத்துக்கொள்கிறது.

இன்று வந்த பதிவு அம்மாவுடையது. ஒரு மாதமாகப் புளித்த ஏப்பம், எடை குறைவு. கேட்டாள், அடித்தாள். இரைப்பையில் அல்சர், ஓரங்கள் சரியில்லை, பயாப்சி எடுக்கப்பட்டது. பதிவின் கடைசியில் அம்மாவின் இருமல் மட்டும் இருந்தது.

வெளியே பெஞ்சில் அம்மா மடியில் பையுடன் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, புண்ணா?”

தலையாட்டினால் போதும். அம்மாவின் முகம் அதற்குத் தயாராகவே இருந்தது.

“புண்ணு இருக்கும்மா. ஆனா சாதாரணப் புண்ணா, புற்றான்னு இன்னும் தெரியல. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க.”

அந்தச் சொல்லை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

அம்மா பையின் வாரை விரலில் சுற்றினாள். “அப்பாவுக்கும் எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க.”

“உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்மா.”

திட்டுவாள் என்று நின்றாள். அம்மா விரலில் சுற்றிய வாரைப் பிரித்தாள்.

“முடிவு என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

“நானே உள்ள வந்து டாக்டர் வாயால கேட்டுக்கறேன். அவர் நம்ம பேச்சுலயே சொல்லட்டும்.” எழுந்து இரண்டடி நடந்தவள் திரும்பினாள். “நீயும் வா. பக்கத்துல நில்லு. வாயைத் திறக்காதே.”

“சரிம்மா.”

அம்மா வெளிவாசலைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். அடுத்த பதிவு காத்திருந்தது.