ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்காத ஞாயிறு

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சாமராஜநகரில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி மைசூர் பேருந்தில் ஏறினேன். முதுகலை இலக்கிய மாணவியான நான் மறுநாள் நண்பகலுக்குள் ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். பயண நூல்கள் நகரங்களை எவ்வாறு காட்டுகின்றன என்பது பொருள். பேராசிரியர் சான்றுப் பக்கத்தில் கையொப்பமிட்டுவிட்டு வெளியூர் போயிருந்தார். அந்தப் பக்கத்தையும் சேர்த்து முந்தைய நாள்தான் ஸ்பைரல் போட்டிருந்தேன். வேறு பிரதி கிடையாது. அதை ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்து, இருக்கைக்கு மேலிருந்த தட்டில் ஏற்றினேன்.

பக்கத்து இருக்கையில் சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும். இளம் வயதில் மைசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவராம். ஆண்டுக்கொரு முறை இந்த ஊரைப் பார்க்கவே வந்துவிடுவாராம்.

"மைசூருன்னா எனக்கு ஒரு கிறுக்கு, கண்ணு" என்றார்.

நான் புன்னகைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

விடுதிக்கு வந்து பார்த்தபோது பையின் மேலாக ஒரு நீலத் துண்டு இருந்தது. என்னிடம் நீலத் துண்டு கிடையாது. அதே ஜவுளிக்கடை, அதே நிறம். ஆனால் இது பக்கத்து இருக்கை அம்மாவின் பை.

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். விசாரணைக் கவுன்ட்டரில் இருந்தவரிடம் விவரம் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். அடுத்தவர் பையைத் திறப்பது முறையல்ல என்று உறுதியாக நம்பினேன். நான்கு மணிக்கு மேல் கவுன்ட்டர்காரருக்கே பொறுக்கவில்லை; கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்மா, உள்ள பாம்பா இருக்கு? ஓப்பன் மாடி, திறந்து பாரு! அட்ரஸ் ஏதாவது சிக்கும்."

துண்டுக்குக் கீழே ஒரு சேலை, முறுக்கு டப்பா, மடித்த காகிதம். உருண்டையான எழுத்தில் அன்றைய திட்டம்: "11 பூ மார்க்கெட். 1 மசால் தோசை. 3 மிருகக்காட்சிசாலை, ஒட்டகச்சிவிங்கி. 7 அரண்மனை லைட்டு, கோயில் படி."

மிருகக்காட்சிசாலையை அடைந்தபோது மணி நாலே முக்கால். வாசலில் வெள்ளரிக்காய் விற்ற பெண் என் கையிலிருந்த பையை உற்றுப் பார்த்தார்.

"இதே பையோட ஒரம்மா ஒன்றரை மணி நேரமா இங்கயே நின்னாங்க. உள்ள போங்கம்மா, மூடிடுவாங்கன்னு சொன்னேன், கேக்கல. இப்பத்தான் ஆட்டோ ஏறுனாங்க."

ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வந்தவர் ஏன் உள்ளே போகவில்லை? புரியாமலேயே அரண்மனைக்கு நடந்தேன்.

ஏழு மணிக்குச் சற்று முன்பு, கூட்டத்துக்கு நடுவே அரண்மனை வளாகக் கோயில் படியில் அவரைக் கண்டேன். கண்ணாடி அணிந்து என் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அட்டை தலைகீழாக இருந்தது. பாவம், எழுத்து தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். அவர் எழுதிய பட்டியல் என் கையில்தான் இருந்தது; அப்படியும் நினைத்தேன்.

"வந்துட்டியா! ஏங் கண்ணு, ஒரு பையைத் திறக்க இத்தனை நேரமா? நான் பஸ்ஸ்டாண்டுலயே திறந்துட்டேன்."

"அடுத்தவங்க பைங்கம்மா, திறக்கறது..."

"நல்லா இருக்குது போ! முதப் பக்கத்துல காலேஜு பேரு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை, பூட்டிக் கெடந்துச்சு. சரி, சீட்டு உன்கிட்டத்தான இருக்குது, அதப் பாத்து வருவேன்னு எழுதுன எடத்துல எல்லாம் நின்னேன். உள்ள போனா உன்னை விட்டுருவேன்னு அந்த ஒட்டகச்சிவிங்கியக்கூடப் பாக்கல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஆய்வேட்டை என் பக்கம் நீட்டினார்.

"இத மொதல்ல பாரு. நாலு பக்கம் தலகீழா கோத்து வெச்சிருக்கறான். திருப்பித் திருப்பிப் புடிச்சுப் படிச்சதுல கழுத்து வலிக்குது."

நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு வரை. கணினியில் மூன்று முறை சரிபார்த்த நான், ஸ்பைரல் போட்ட பிறகு ஒரு முறைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. பை மாறாமல் இருந்திருந்தால் அப்படியே ஒப்படைத்திருப்பேன்.

"ஊரு சுத்தறதப் பத்தி எம்பது பக்கம் எழுதியிருக்கற. இந்த லைட்டை எத்தன தடவ பாத்திருக்கற?"

"ரெண்டு வருஷமா இங்கதாங்க படிக்கறேன். இன்னும் பாக்கலைங்க."

அவர் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கிய அதே நொடியில் அரண்மனை முழுவதும் விளக்குகள் எரிந்தன. கூட்டம் ஒரே குரலாக ஆரவாரித்தது. அவர் சிரிப்பை மறந்து, ஒவ்வோர் ஆண்டும் பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல நின்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். பிறகு தான் வாங்கியிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். விஜயநகரில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் மதியப் பேருந்தில் திரும்புவதாகச் சொன்னார். மிருகக்காட்சிசாலை வாசலுக்குப் பதினொரு மணிக்கு வர முடியுமா என்று கேட்டேன். என் வாழ்வில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஸ்பைரல் போடும் கடை திறந்ததும் கம்பியைக் கழற்றச் சொல்லி, நான்கு பக்கங்களையும் நிமிர்த்திக் கோத்து, கல்லூரியில் ஒப்படைத்தேன். பத்தரைக்கே மிருகக்காட்சிசாலைக்குப் போய், இரண்டு நுழைவுச்சீட்டுகளுடன், முந்தைய நாள் அவர் எனக்காக நின்ற அதே வாசலில் நின்றேன். ஒருவருக்காகக் காத்திருப்பது இத்தனை மகிழ்ச்சியானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.