கூட வாசிக்கிறவங்க

முழங்கால்மேல் பழைய செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார் பியானோ அக்கா. பாட்டு வாசிக்கிற நாளெல்லாம் இது நடக்கும். நேற்று வெட்டிய நகத்தில் இன்றைக்கு வெட்ட என்ன இருக்கும் என்று கேட்டால், “பியானோக் கட்டை மேல நகம் பட்டா ‘டிக்’குனு ஒரு சத்தம் வரும். உங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும்” என்பார்.

அடுத்தது கவிதை. அவர் வாசிப்பதெல்லாம் பழைய கவிஞர்களின் வரிகளுக்கு ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் வைத்து மெட்டமைத்த பாட்டுகள். கட்டையைத் தொடுவதற்கு முன் அந்தக் கவிதையைப் பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதைப் போல மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறார். ராகம் கிடையாது, உருக்கம் கிடையாது. “பேச வராதது பாட வராது” என்பது அவர் கட்சி.

வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் இசைப்பள்ளியில் மாணவர்கள் பாட, அவர்களோடு கூட வாசிக்கிறார். புதன்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் பள்ளியின் பின்கட்டு அறையில் அண்ணியோடு ஒத்திகை. கூடப்பிறந்த அண்ணனின் மனைவிதான் அண்ணி, ஊரறிந்த பாடகி. அண்ணன் அவரைப் பெண் பார்க்கப் போன இடத்தில், “பொண்ணு பாடுமா?” என்று யாரோ கேட்க, பெண் பாட, மாப்பிள்ளையை விட மாப்பிள்ளையின் தங்கை முந்திக்கொண்டு சம்மதம் சொல்லிவிட்டாள் என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று தொடங்கியது, இருபத்தாறு வருடம். மற்ற வீடுகளில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை அடுப்பங்கரையில் வரும். இவர்களுக்கு நாலாவது வரியை எவ்வளவு மெதுவாகப் பாடுவது என்பதில் வரும்.

சுவரொட்டியில் அண்ணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அக்காவின் பெயரைத் தேட வேண்டும். அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் கைதட்டலில்தான். “அண்ணி வாயை மூடுனதும் தட்ட ஆரம்பிச்சுடுறாங்க. பாட்டு எங்க முடிஞ்சுது? இன்னும் அரை நிமிஷம் என்கிட்ட இருக்குல்ல?” கவிதை சொல்லாமல் விட்டதைப் பியானோ சொல்வது அந்த அரை நிமிடத்தில்தானாம். அதைக் காப்பாற்ற அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். கடைசிச் சுரம் அடங்கும் வரை தலையைத் தூக்குவதில்லை. தலை குனிந்திருக்கும் வரை சபையும் தயங்கும்.

மேடையில் அண்ணி முன்னால் நிற்பார்; அக்காவுக்குத் தெரிவது முதுகு மட்டும். தோள் லேசாக ஏறினால் மூச்சு எடுக்கிறார் என்று பொருள். அது இறங்கும்போது விரல் இறங்க வேண்டும். “அண்ணி முகத்தை விட முதுகுதான் எனக்கு நல்லாப் பழக்கம். முகம் பொய் சொல்லும்.”

போன கச்சேரியில் அந்த முதுகுதான் முதலில் சொன்னது. படகுக்காரனுக்காகக் கரையில் காத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு, எட்டுக் கண்ணி. ஐந்தாவதுக்குத் தோள் ஏறியது, இறங்கியது. சொல் வரவில்லை. அக்கா இடையிசையைத் திரும்ப வாசித்தார். மறுபடி தோள் ஏறியது. மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை, இன்னும் மெதுவாக வாசித்துக்கொண்டே, “கரையில…” என்று உதட்டுக்குள் சொன்னார். அண்ணி பிடித்துக்கொண்டார். சபைக்கு எதுவும் தெரியவில்லை. அந்த இடத்தில் பியானோ காத்திருந்தது அற்புதம் என்று கச்சேரி முடிந்ததும் ஒருவர் உள்ளே வந்து பாராட்டிவிட்டுக்கூடப் போனார்.

அவர் போனதும் அண்ணி திரும்பினார். “எதுக்கு அங்க அப்படி இழுத்த? நான் தயாராத்தானே இருந்தேன்?”

வழக்கமாக அக்கா, “என் தப்புதான் அண்ணி” என்று சொல்லிவிடுவார். பாடகர்கள் தப்பாக எடுத்தாலும் பழி பியானோவுக்குத்தான். அது அவர் தொழிலில் சகஜம். அன்று சொல்லவில்லை. இரண்டு மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை ஒத்திகைக்கு அண்ணி செவ்வாய்க்கிழமை வந்து பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே கண்ணியை இரண்டு தடவை பாடிவிட்டு, அடுத்தது எங்கே என்று கோபப்பட்டார்.

“நீங்க மறந்துட்டீங்க அண்ணி. இது முதல் தடவை இல்ல. டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வரலாம். நான் கூட வரேன்.”

அண்ணி கைப்பையை எடுத்தார். “இருபத்தாறு வருஷமா கையில பேப்பர் இல்லாம பாடுனவ நான். கடைசில நாத்தனார் புத்தியக் காட்டிட்ட.”

அதன் பிறகு ஐந்து புதன்கிழமை அவர் வரவில்லை. அக்கா பதினொரு மணிக்குப் போய், நகம் வெட்டி, கவிதை சொல்லி, பாட்டில்லாமல் பியானோ பாகத்தை மட்டும் வாசித்தார். அறை பெருக்க வந்த அம்மாள் கேட்டார்: “என்னம்மா, உங்க கட்சிக்காரங்க வராம நீங்க மட்டும் வாதாடிட்டு இருக்கீங்க?” அக்கா சிரித்தாராம். அடுத்த வாரமும் வாசித்தார்.

நான்காவது வாரம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அவகிட்ட என்ன சொன்ன நீ?”

“உள்ளதச் சொன்னேன்.”

“அடுப்பப் பத்த வச்சுட்டு வெளிய போயிடுறா. எனக்கு ஆறு மாசமாத் தெரியும். சொல்ல வாய் வரல.” பிறகு, “நேத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆரம்பம்தானாம். பாடட்டும், பாடுறது நல்லதுன்னார். நீ ஒரு வார்த்த கூப்பிடேன்” என்றார்.

“நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. அவங்களுக்கா தோணட்டும்.”

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா அன்று மாணவர்களுக்கு வாசிக்கப் போகவில்லை. எதற்கும் விடுப்பு எடுக்காதவர், தலைவலி என்று சொல்லி அனுப்பினார்.

ஆறாவது புதன்கிழமை, பத்து நிமிடம் தாமதமாகக் கதவு திறந்தது. அண்ணி கையில் ஒரு கோப்பு. உள்ளே எட்டுக் கண்ணியும், எழுத்துக்கு ஓர் அங்குலம் வீதம், அண்ணன் கையெழுத்தில்.

“பேப்பர் வச்சுட்டுப் பாடுனா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு நினைப்பாங்க.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கமான இடத்தில் போய் நின்று, காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அது நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்தார். அப்போதும் நடுங்கியது.

“நின்னுட்டு முடியல” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய அந்தப் பலகையில் வலது ஓரத்துக்கு நகர்ந்து பாதி இடம் விட்டார். அண்ணி வந்து உட்கார்ந்ததும், அவர் மேல் இடிக்காதபடி அக்கா இடது முழங்கையை விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டு, முதல் சுரத்தைத் தொட்டார்.