பாட்டிலுக்கு நட்ட சிலுவை

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மைக்கேல்ராஜ் மாமா சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடி, சீப்பு, ஜெபமாலை. துணிக்கு மேலேயே விரலால் அமுக்கி, எல்லாம் இருக்கிறதென்று தனக்குத்தானே தலையாட்டிவிட்டு நடப்பார். கொண்டுவந்த பை சீட்டுக்கடியில் கிடக்கும். அதை எடுக்கத்தான் அத்தை இருக்கிறாளே.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கரும்பு டிராக்டர்களை ஓரங்கட்டச் சொன்ன அதே குரலில்தான் டாக்டர்களிடமும் பேசுவார்.

சென்ற ஆண்டு இஞ்ஞாசியம்மாள் அத்தைக்கு மார்பில் கட்டி. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் புற்று என்பது மட்டும் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பை எடுத்தார்கள். எடுத்ததை மருந்துத் தண்ணீரில் போட்டு, பாட்டிலில் பெயர் ஒட்டி, சேலத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும்படி மாமாவிடம் தந்தார்கள். இங்கே வழக்கம் அப்படித்தான். வெட்டுவது டாக்டர், சுமப்பது வீட்டு ஆள்.

மகள் நான்சி தானும் வருகிறேன் என்றாள்.

“ஒரு பாட்டிலைத் தூக்கினு போறதுக்கு இன்னா, ஊர்வலமா?” தனியாகவே கிளம்பினார்.

பொழுதுபோய்த்தான் திரும்பினார். “சேலத்துக்குப் போவல. நம்ம கல்லறையிலேயே பொதைச்சிட்டேன். ஞானஸ்நானம் வாங்குன ஒடம்பு. கண்டவன் சீவிச் சீவிப் பாக்கறதா?”

“யப்பா, தெரிஞ்சிதான் பேசறியா? வா, தோண்டி எடுக்கலாம்.”

“பொதைச்சதைத் தோண்டறது பாவம். வூட்டுக்கு ஆவாது.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “கட்டியில என்னென்ன புரதம் இருக்குன்னு பாத்தாதாங்க எந்த மருந்து கேக்கும், திரும்ப வருமான்னு சொல்லலாம். ஹார்மோனைப் பிடிக்கிற புரதம் இருந்தா மாத்திரை, ஹெர்-டூன்னு இன்னொரு புரதம் ஜாஸ்தியா இருந்தா தனி ஊசி. கட்டியே இல்லாம எதை வெச்சி சொல்றது?”

“ஆண்டவர் பாத்துப்பாருங்க.”

“அப்ப மாத்திரை சீட்டையும் அவருகிட்டயே வாங்கிக்குங்க.”

ஆனாலும் டாக்டரே எழுதிக் கொடுத்தார். அத்தை வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஹார்மோன் புரதம் இருக்குமாம். அந்த ஊகத்தில் கீமோ, அதன்பின் தினம் ஒரு மாத்திரை. அத்தை அதை விழுங்கிவிட்டு என்னைப் பார்ப்பாள். “இது எனக்குக் கேக்குதாடா?” அதைச் சொல்லக்கூடியது அந்தப் பாட்டிலில் இருந்தது.

ஊரில் மாமாவின் மதிப்பு ஏறியது. கல்லறை மூலையில் சின்ன மரச்சிலுவை நட்டார். மனைவியின் சதைக்குக்கூட மரியாதை செய்த மனிதர் என்று பங்குக் கோயில் சனமே மெச்சியது. கல்லறைத் திருநாளன்று சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் வைத்து, குனிந்த தலையோடு நின்றார், போட்டோவுக்குத் தோதாக. முடி கொட்டிய தலையில் முக்காடிட்டு அத்தையும் நின்றாள், தன் மார்பின் கல்லறைக்கு முன்னால்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சின்னதுரை டீ குடித்தபடி, வண்டியில் ஆட்கள் விட்டுப்போகும் சாமான்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு பெருசு, சீட்டுக்கடியில பையை வுட்டுட்டு சேலத்துல எறங்கிட்டாரு. சாயங்காலம் இங்க வந்து கேட்டாரு. கையில எடுத்துக்கினு, ‘உள்ள இன்னா கீது பெரியவரே?’ன்னேன். சுத்தி நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. அவங்களை ஒரு பார்வ பாத்தாரு. ‘இது என்னுது இல்ல’ன்னுட்டு, சட்டைப்பையைத் தடவிக்கினே போய்ட்டாரு.”

ரொம்ப நாள் டைம் ஆபீஸ் மேசைக்கடியில் கிடந்ததாம் அந்தப் பாட்டில். மேலே இஞ்ஞாசியம்மாள் என்று எழுதியிருந்ததாம்.