'பாத்துப் போடுங்க' வீடுகளில் குவிந்த மீன்

உவரிக் கடற்கரையிலிருந்து வரும் மீனைப் பாளையங்கோட்டையில் வீடு வீடாகக் கொடுக்கும் அண்ணாச்சிக்கு, ஆர்டர் எழுத, பைத்தான் என்னும் கணினி மொழியில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

இன்று காலை போன். "என்னத்தவே எழுதிக் குடுத்தீரு? மூணாவது வீட்டுச் சீட்டுல முன்னால ரெண்டு வீட்டு மீனும் சேந்து வருது!"

"எல்லா வீட்டுக்குமா அண்ணாச்சி?"

"மீன் பேரு சொன்னவங்களுக்குச் சரியாத்தான் வருது. 'நீங்களே பாத்துப் போடுங்க'ன்னவங்களுக்குத்தான் குழப்புதுவே."

அந்த இடத்திலேயே பிடித்துவிட்டேன்!

பேர் சொல்லாதவர்களுக்காக சீட்டு எழுதும் ஃபங்ஷனில், எதுவும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் டீஃபால்ட்டாக ஒரு காலிப் பட்டியலை வைத்திருந்தேன். கூப்பிடும்போதெல்லாம் புதிதாக வரும் என்று நினைப்பு. பைத்தானோ, ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் அதை உருவாக்கும். அத்தனை வீட்டு மீனும் அந்த ஒரே பட்டியலில் குவிந்திருக்கிறது.

டீஃபால்ட்டை 'ஒன்றுமில்லை' என்னும் None ஆக்கினேன். வீட்டுக்கு ஒரு புதுப் பட்டியலை ஃபங்ஷனுக்குள்ளேயே போட்டேன். இரண்டே வரி மாற்றம், பத்தே நிமிடம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இப்பப் பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"இப்பச் சரியா வருதுவே! ஆனா அந்த மூணாவது வீட்டம்மா சீட்டுல இருந்த அம்புட்டு மீனையும் வாங்கிட்டாங்க. நாளைக்கும் அப்படியே போடச் சொல்லுதாங்க."

முதலில் என்னைப் பாராட்டுங்கள். பிறகு, பிழையைத் திரும்ப வைக்கவா என்று சொல்லுங்கள்.