வளைவில் நிற்கும் ஜீப்

சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு செல்போனை இறுக்கிக் கட்டியிருந்தார் ஜீப்காரர். கிராம சுகாதார செவிலியராகப் புதூர்நாட்டுக்கு மாற்றலாகி நான் முதன்முதலில் மலை ஏறிய அன்று கண்ணில் பட்டது அதுதான். ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம், நடுவில் இந்தச் செல்போன். பாட்டுப் போடுவார் என்று நினைத்தேன். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சத்தமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து ஜீப்காரரும் கையை ஆட்டினார். போயும் போயும் இவரை நம்பியா மலை ஏறப்போகிறோம் என்று பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புளிக்கார அக்காவுக்கு என் முகம் புரிந்துவிட்டது போலும். திருப்பத்தூர் சந்தையில் புளி விற்றுவிட்டு மலைக்குத் திரும்புகிறவர் அவர். "பயப்படாதம்மா. அவரு பொண்ணு பாப்பாகிட்ட பேசறதுக்குப் படிக்கிறாரு. அதுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது" என்றார்.

மலைக்குப் போகும் ஜீப்புக்கு நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போவார்கள், அரசியல் பேசுவார்கள். இவர் படித்தார். காத்திருந்தவர்களுக்கும் வேறு வேலை இல்லையே, அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கையையும் ஆட்டத் தொடங்கினார்கள். சாமை மூட்டைக்காரர் "பசிக்குதா" என்று கையால் கேட்பார், புளிக்கார அக்கா "தண்ணி குடு" என்று கையாலேயே பதில் சொல்வார். தப்பாகச் செய்தால் ஜீப் முழுக்கச் சிரிப்பு. நானும் மெல்லச் சேர்ந்துகொண்டேன். எங்கள் துறையும் இணையத்தில் பயிற்சி வகுப்புகள் வைக்கும். ரசம் கொதிக்கிற வரைக்கும் பாடத்தை ஓடவிட்டு, "அடுத்து" என்ற பொத்தானை அமுக்கி அமுக்கியே நான் வாங்கிய சான்றிதழ்கள் ஏராளம். இவருக்குச் சான்றிதழும் கிடையாது, கேட்பாரும் கிடையாது.

"எப்படிண்ணா இதைக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனுகிட்டயே கேட்டேன் நர்சம்மா. கையால பேசறதுக்கு கத்துக் குடுன்னேன். உடனே இந்தம்மா வந்துட்டாங்க. பீஸும் கேக்கல, பரீட்சையும் வெக்கல. தொண்ணூறு தபா கேட்டாலும் கோவிச்சுக்காம திரும்பச் சொல்றாங்க. இன்னா ஒரு பொறுமை!"

அந்தப் பெண்மணி எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார். ஜீப்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும். முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்து இன்னொரு கை எழுத்தெழுத்தாகக் காற்றில் போட்டுக்கொண்டே வரும். ஆங்கில எழுத்து அவருக்கு அறிமுகமானதே நம்பர் பிளேட்டுகளில்தான். "ரோட்டைப் பாருப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் சிரித்துக்கொண்டே கையை இறக்குவார்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. மகள் கீழே, விடுதியோடு கூடிய பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சோறு, மாடு, மழை என்று வீட்டிலேயே சில சைகைகள் வைத்திருந்தார்கள். அது போதுமானதாகவும் இருந்தது. பள்ளிக்குப் போனதும் அவளுக்குச் சொல்வதற்கு ஆயிரம் சேர்ந்துவிட்டது. வீடோ பழைய வீடாகவே இருந்தது. ஒரு விடுமுறையில் வந்தவள், பாதி நாள்கூடக் கழியாத நிலையில் தன் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். திரும்பக் கொண்டுபோய் விடு என்று அதற்குப் பொருள். "பத்து வார்த்தைய வெச்சுக்கினு எத்தினி நாளு நர்சம்மா பேசறது? எம்பொண்ணு என் வூட்டுக்கே விருந்தாளியா வந்துட்டுப் போவுது" என்றார். இந்த முறை அவளுக்குத் தெரியாமலே கற்றுக்கொண்டு அசத்திவிடவேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் பள்ளியில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோடை விடுமுறைக்கு அவள் வந்த அன்று நானும் திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் இருந்தேன். ஜீப்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகள் பேருந்திலிருந்து இறங்கியதும் கையை உயர்த்தி ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறாயா, பசிக்கிறதா, உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. ஜீப்பிலிருந்த நாங்களும் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகள் போலக் கையை ஆட்டினோம். அந்தப் பெண் அப்பாவின் கையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று தன் கைகளால் என்னவோ கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை. மலை ஏறும்வரை ஜீப்பில் ஒரு கையும் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவள் விடுதி ஆசிரியைக்கு நான் போன் செய்து கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். வாய்ப்பேச்சு போலவே கைப்பேச்சும் நாட்டுக்கு நாடு வேறாம். ஜீப்காரர் படித்தது அமெரிக்காவில் பேசுவது. நம் நாட்டுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கும் காசில்லாமலே பாடங்கள் கிடைக்கின்றன என்று இணைப்பையும் அனுப்பிவைத்தார். கைக்கு ஏது நாடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடலளவு பாடம் இலவசமாகக் கிடக்கிறது, சரிதான். அதில் நம் வீட்டுப் பிள்ளைக்கானது எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மனிதரின் உயிர் பாதியாகிவிடுகிறது.

விஷயத்தைச் சொன்னபோது ஜீப்காரர் நிறுத்தியிருந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். "இத்தினி நாளு படிச்சது வேற ஊரு பேச்சா?" என்றார். நான் புதுப் பாடத்தை அந்தச் செல்போனில் போட்டேன். திரையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அது அவளுடைய பேச்சு. அப்பா எதற்காக அத்தனை நாள் கையை ஆட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கையை மெல்ல எடுத்தாள். மற்றொரு கையையும் எடுத்தாள். ஒரு கையின் ஆள்காட்டி விரலை மறுகையின் கட்டைவிரல் நுனியில் தொடவைத்து, சரியா என்று தலையசைத்தாள். முதல் எழுத்து.

"ரெண்டு கையும் வேணுமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். "அப்ப ஓட்டும்போது பேச முடியாதே!" கண்ணைத் துடைக்கத்தான் அவருக்குக் கை இல்லை, இரண்டும் மகளிடம் இருந்தன.

அந்த விடுமுறையில் பை வாசலுக்கு வரவில்லை. பள்ளிக்குத் திரும்பும் அன்று அதைத் தேடி எடுத்ததே அவர்தானாம்.

நான் ஓய்வுபெற்றுக் கலசப்பாக்கத்தில் குடியேறிவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மீண்டும் புதூர்நாடு போனேன். அதே ஜீப், அதே டியூப் நாடா; செல்போன் மட்டும் புதிது. ஜீப்காரருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மகள் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். மலைப்பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே வந்ததும் திரை ஒளிர்ந்தது. ஜீப்காரர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். திரையில் மகள் கையசைத்தாள். அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன.

பின்சீட்டில் இருந்த ஒருவர் ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது. "இன்னாங்க இது, பாதி வழியில நிறுத்திட்டு? போய்க்கினே பேச வேண்டிதுதானே" என்றார்.

"கொஞ்சம் இருப்பா" என்றார் புளிக்கார அக்கா. "அவரு பேசறதுக்கு ரெண்டு கையும் வேணும்."

யாரும் அவசரப்படவில்லை. கைகள் பேசின, சிரித்தன, திட்டின. புதுப் பாடத்திலிருந்து நானும் கற்றதில் பாதிக்குமேல் மறந்துவிட்டது, வேகமும் பிடிபடவில்லை. திரை அணைந்ததும், "இன்னாண்ணா சொல்லுது பாப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல நர்சம்மா. ஹாஸ்டல் சாம்பார்ல உப்பே இல்லியாம்" என்றார். டியூப் நாடாவை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.