பாட்டுக்கு நடுவே ஒரு ‘வாரேன்’

திருச்செங்கோட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் நான் முதலில் பார்ப்பது டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரைத்தான். உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். எங்கள் பக்கத்து பஸ்காரர்களுக்கு எண்பதுகளின் ஆரம்பத்தில் வந்த பாட்டுகள் என்றால் உயிர். முன்னே கேசட்டில் போட்டார்கள், பிறகு சிடி, இப்போது பென்டிரைவ். பாட்டு மட்டும் அதேதான். அந்தப் பாட்டுகள் வந்தபோது பிறந்தே இருக்காத கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே ஒரு வரி விடாமல் பாடுகிறார்.

அவற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. அது தொடங்கினால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். முதல் சரணம் முடிகிறவரை எப்படியோ சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு ஓர் இடம் வரும். அது வருவதற்குள் முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். எதிர்க்காற்று ஆகவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிடுவார்கள். ஒரு தடவை அதற்கும் தைரியம் இல்லாமல், மல்லசமுத்திரம் வருவதற்கு முன்பே இறங்கி, ஒரு கோழிப்பண்ணை வாசலில் வெயிலில் நின்றேன்.

அந்த இடத்தில் பாட்டுக்காரர் என்ன பாடுகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுக் கேசட்டில் அந்த இடத்தில் பாட்டு கிடையாது. என் அண்ணனின் குரல் இருக்கிறது.

அண்ணன் எனக்கு ரொம்ப மூத்தவன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, மாட்டுக்குப் புல் அறுக்கவும் பக்கத்துத் தறிக்கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றவும் போய்க்கொண்டிருந்தபோது, அவன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆள். காட்டு வேலை அவனுக்குப் பிடிக்காது. பிடித்தது இரண்டுதான். ஒன்று, ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வடக்கே போவது. ஊரில் பாதி இளவட்டம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று பாட்டு. யாரிடமோ பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். திருச்செங்கோட்டில் பாட்டுப் பதிந்து தருகிற கடையில் காலிக் கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வருவான். அடுத்த வாரம் போய் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவான், கோயில் விபூதி மாதிரி.

வந்ததும் முதல் வேலையாக, கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகளையும் ஆணியால் உடைத்துவிடுவான். உடைத்துவிட்டால் தவறிப்போய், குரல் பதிகிற சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் பாட்டு அழியாது. அந்தக் கடைசிக் கேசட்டில் மட்டும் உடைக்காமல் விட்டிருந்தான். மறந்துவிட்டானா, இல்லை அவனுக்கு நேரம் இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

அவன் போன அன்று நான் வீட்டில் இல்லை. புல்லுக்கட்டோடு திரும்பி வரும்போது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சோற்றுத் தட்டு. அண்ணனின் சைக்கிள் இல்லை. மெயின் ரோட்டில் போர் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்ததாகவும், சைக்கிளை டீக்கடையில் விட்டுவிட்டு அண்ணன் அதில் ஏறிக்கொண்டதாகவும் சாயங்காலம் ஆட்கள் வந்து சொன்னார்கள். அப்பாவுக்கும் அவனுக்கும் அதைப் பற்றித்தான் வாரக்கணக்கில் சண்டை. அதனால் அவன் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. திரும்பி வராததுதான். வழியில் எங்கேயோ டீ குடிக்க இறங்கினவன் மறுபடி வண்டி ஏறவில்லை என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அப்பா இரண்டு தடவை வடக்கே போய்த் தேடிவிட்டு வந்தார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அம்மா அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்வாள்: “பையன் சொல்லாமப் போயிட்டானுங்க.” கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் சொல்வாள். ரேஷன் கடை வரிசையில் சொல்வாள். போனான் என்பதைவிடச் சொல்லாமல் போனான் என்பதுதான் அவளை அரித்தது. எங்கள் பக்கம் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘வாரேன்’ என்பார்கள். கடைக்குப் போனாலும் வாரேன்தான், கண்காணாத சீமைக்குப் போனாலும் வாரேன்தான். வீட்டில் இருக்கிறவர்கள் ‘செரி, போயிட்டு வா’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் போனதாகக் கணக்கு. அண்ணன் அப்படிப் போகாததால் அவன் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்கிற மாதிரி அம்மாவுக்கு ஆகிவிட்டது. பகலில் வாசல் கதவை யார் சாத்தினாலும் எழுந்துபோய்த் திறந்துவிடுவாள்.

வீட்டில் இனிமேல் பாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆனபோது, அந்த டேப் ரிக்கார்டரையும் கேசட்டுகளையும் என்னோடு அனுப்பிவிட்டார். கண் முன்னால் இருக்கக் கூடாதாம்.

புகுந்த வீட்டில் ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் கடைசிக் கேசட்டைப் போட்டேன். முதல் சரணம் முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். பாட்டு போய் எங்கள் வீடு வந்துவிட்டது. ஒரு கோழி கொக்கரிக்கிறது. தூரத்தில் கிணற்று மோட்டார் ஓடுகிறது. பாத்திரத்தில் கரண்டி தட்டுப்படுகிறது. அப்புறம் மைக்குக்குப் பக்கத்திலேயே, சாதாரணமாக, “அம்மா, வாரேன்.” மறுபடி டக். பாட்டு, பாதி வரியில் இருந்து.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ டேப் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பென்சில் விட்டுச் சுற்றி எடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப் போடவே பயம்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை விதமாகப் பயப்பட முடியுமோ அத்தனை விதமாகவும் பயந்தேன். ஏனென்றால் எங்கள் பேச்சில் வாரேன் என்பது கிளம்புகிறவன் சொல்வது மட்டும் இல்லை. உள்ளே இருந்து கூப்பிட்டால், ‘இதோ வாரேன்’ என்று பதில் சொல்வதும் அதே வார்த்தைதான். அவன் அன்றைக்குத்தான் சொன்னானா, வேறு ஏதோ ஒரு நாள் கூப்பிட்டதற்குப் பதில் சொன்னானா? வெறும் பதில்தான் என்றால் அம்மாவுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? விடைபெற்றதுதான் என்றால், பெற்ற மகன் சொல்லியும் காதில் வாங்காமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடாதா? என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். அவரே யோசித்துவிட்டு, “உங்கம்மா கேட்டா, பையன் இப்பத்தான் வாரேங்கறான்னு எல போட்டு ஒக்காந்துக்கும். சும்மா இரு” என்றார். அப்பா இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அப்பா போன பிறகு அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று.

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து என் வீட்டில்தான், கட்டிலில். கஞ்சி மட்டும்தான் இறங்கியது. டாக்டர், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. சேலத்தில் இருக்கிற என் மகள், யாரையோ பிடித்து அந்தக் கேசட்டில் இருந்ததை என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். டேப் அறுந்துவிடும் என்கிற சாக்கும் போய்விட்டது.

ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள், “அவன் என்மேல கோவமாத்தான் போனானா, அம்மிணி? அதையொண்ணு தெரிஞ்சுக்கிட்டா நானும் போயிருவேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். என்னைத்தான் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சுற்றிலும் தறிக்கொட்டகைகள். ஓயாமல் அடிக்கிற தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. எங்கள் தெருவில் அவ்வளவு அமைதி கரண்ட் போனால்தான் கிடைக்கும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து அவள் காதோரம் வைத்தேன். ஒரு பாட்டு போடப்போகிறேன், அதில் அண்ணன் பேசுவான், பயந்துகொள்ளாதே என்றேன். பயப்பட்டது நான்தான்.

பாட்டு போயிற்று. அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. கோழி, மோட்டார், கரண்டி. அம்மா, வாரேன்.

நான் அவளது மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய், வந்தது.

“மறுக்காப் போடு.”

மறுபடி போட்டேன். கரண்டிச் சத்தம் வந்தபோது, “அது நானு” என்றாள்.

பிறகு அவள் பேசியபோது குரல் தெளிவாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு இது கேட்டதாம். சோற்றுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாளாம். பாட்டு நின்றதாம், வாரேன் என்றானாம், மறுபடி பாட்டு ஓடியதாம். சோற்றுக்குத்தான் வருகிறான் என்று தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். “பாட்டு ஓடீட்டே இருந்துச்சு. பாட்டு ஓடுதே, பையன் ஊட்டுக்குள்ளதான் இருக்கறான்னு நானும் இருந்துட்டேன்.” கேசட் முடிந்து டக்கென்று நின்ற பிறகுதான் எழுந்துபோய்ப் பார்த்தாளாம்.

அவள் கூப்பிட்ட குரலைக் கேட்கத்தான் அவன் பாட்டை நிறுத்தியிருக்கிறான். திரும்பப் போடுகிற அவசரத்தில் சிவப்புப் பட்டனும் சேர்ந்து அமுங்கியிருக்கிறது. பாட்டு வரவில்லை என்று மறுபடி அமுக்கிச் சரிசெய்திருக்கிறான். இத்தனை காலம் நான் உருட்டி உருட்டி யோசித்ததில் இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப அது சோத்துக்கு வாரேன்னு சொன்னதுதானாம்மா?” என்று கேட்டேன்.

“சோத்துக்கு வாரவன் அம்மான்னு சொல்ல மாட்டானே. வாரேன் வாரேன்னு ரெண்டு வாட்டி வள்ளுன்னு உழுவான். இவ்வளவு பதமாச் சொல்றானே. எனக்கு அப்பப் புரியல பாரு.” கோபம் இல்லை என்றாள். கோபம் இருந்தால் இந்தக் குரல் வராது என்றாள். அப்புறம், “சொல்லாம உட்டது நாந்தான். இன்னொருக்காப் போடு” என்றாள்.

போட்டேன். அம்மா, வாரேன் என்று அவன் சொல்லி முடித்ததும், பாட்டு தொடங்குவதற்குள் இருந்த அந்தத் துளி இடைவெளியில் அம்மா சொன்னாள்.

“செரி சாமி. போயிட்டு வா.”

அவ்வளவுதான். அதற்குள் கரண்ட் வந்து தறிகள் எல்லாம் அடிக்கத் தொடங்கிவிட்டன. போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பாட்டு எப்போது முடிந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அன்று சாயங்காலம், “கதவச் சாத்து, நாய் உள்ள வருது பாரு” என்றாள். அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் யாரிடமும் அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அவளாவது நிம்மதியாகப் போனாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் கதவைச் சாத்தப்போனால் இப்போது எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. போயிட்டு வா என்று சொல்லியாகிவிட்டது. சொல்லிக்கொண்டு போனவன் வந்து நின்றால், தாழ்ப்பாளைப் பார்த்து என்ன நினைப்பான்? இத்தனை காலம் இல்லாத இந்தக் கவலை புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரித்துவிட்டு அவரே எழுந்துபோய்ச் சாத்துகிறார்.

சமீபத்தில் திருச்செங்கோட்டில் இருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தது. முந்தானையைக் கையில் எடுத்தேன். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டேன். முதல் சரணம் முடிந்தது. அந்த இடம் வந்தது.

அங்கே வார்த்தையே இல்லை. வெறும் புல்லாங்குழல். அதற்கு அடியில் எதையோ மெதுவாகத் தட்டுகிற சத்தம். அதற்கும் அடியில் கரண்டி கேட்கிறதா என்று பார்த்தேன். இரண்டாவது சரணத்தின் முதல் வரியை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். எங்கள் கேசட்டில் அது பாதியில் இருந்துதான் தொடங்கும்.

பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி என்னைப் பார்த்து, “அக்கா, உங்க ஊரு வந்துருச்சுங்க. எறங்கலீங்களா?” என்று கேட்டார்.

“வாரேன்” என்றேன். சொல்லிவிட்டு, பாட்டு முடிகிறவரை எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.