பச்சைப் பொத்தானும் அக்காவின் ரிப்பனும்

அக்காவும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். அவள் ஒருமுறை தேறாமல் தங்கிவிட்டதால் வந்த வாய்ப்பு அது. நான் 'அ' பிரிவு, அவள் 'ஆ' பிரிவு. அவள் தங்கிப்போனதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன். அப்பேர்ப்பட்ட தங்கை நான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் ரயிலடிக்குப் பக்கத்தில் நெல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குக் கரண்டில் ஓடும் பெல்ட் ஒன்று வந்திறங்கியது. கீழே மூட்டையை வைத்தால் போதும், அடுக்கின் உச்சிக்கு அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுமாம். எங்கள் நாகல் நகர் முழுக்க இதே பேச்சு. எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அது 'மூட்டை தானாக நடக்கிறது' என்று ஆகிவிட்டது.

அதை எங்களுக்குக் காட்ட எங்கள் டீச்சர் நாலைந்து தடவை நடையாக நடந்து அனுமதி வாங்கிவிட்டார். காலையில் 'அ' பிரிவு, மதியம் 'ஆ' பிரிவு என்று ஏற்பாடு.

அந்த வாரம் முழுக்க அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. "மூட்டை நடக்கையில சத்தம் வருமாடி? என்ன மாதிரி வரும்?" என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? தீபாவளிக்கு அத்தை வாங்கித் தந்த வெள்ளை ரிப்பன் ஒரு ஜோடி அவளிடம் இருந்தது. அதை யாருக்கும் தரமாட்டாள். கிட்டங்கிக்குப் போகிற அன்று காலையில் அவளே என் இரட்டைச் சடையில் கட்டிவிட்டு, "கிட்டங்கி கேட் வாசல்ல நிப்பேன். வெளிய வந்ததும் அவுத்துக் குடுத்துரணும்" என்றாள்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் நெல் வாசம் ஆளைத் தூக்கியது. அப்பாவின் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம், வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் பார்த்து வளர்ந்தவள் நான். சித்தையன்கோட்டையிலிருந்து வந்த நெல் மூட்டைகள் கூரை வரைக்கும் நின்றதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். நடுவில் ஏணியைச் சாய்த்து வைத்தாற்போல அந்த பெல்ட். அதன் கீழ்முனையில் ஒரு மூட்டையை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார்கள்.

கால்சட்டை போட்ட அதிகாரி எங்களைச் சுற்றிப் பார்த்தார். "அந்த ரிப்பன் கட்டுன பாப்பா இங்க வா. நான் சொன்னதும் இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கணும், என்ன?" என்றார். நாற்பது பிள்ளைகளில் நான். தலைகால் புரியவில்லை.

அப்பா வண்டி பூட்டும் முன் நுகத்தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அம்மா ஆட்டுக்கல்லைத் தொட்டுக் கும்பிடாமல் மாவாட்ட உட்கார மாட்டாள். நாங்கள் பிள்ளைகள் சிலேட்டைத் தொட்டுக் கும்பிடுவோம். எனக்கு வேறு என்ன தெரியும்? அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை நன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது மூட்டை பாதி வழி போயிருந்தது.

மேலே பிடிக்க வேண்டியவர் அப்போதுதான் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, நிறுத்துங்கப்பா!" என்று அவர் கத்துவதற்குள் மூட்டை உச்சியைத் தாண்டி அந்தப் பக்கமாக விழுந்து பிளந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. வாசல் வரைக்கும் நெல் சிதறிக் கிடந்தது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று அதிகாரி கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை. நெல்லை மிதித்துக்கொண்டு எப்படிப் போவது? நாற்பது பேரும் உட்கார்ந்து, கையால் நெல்லைக் கூட்டி ஓரமாகக் குவித்து, வழி பண்ணிக்கொண்டுதான் வெளியே போனோம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் அவர். டீச்சர் எவ்வளவோ கெஞ்சியும், இனி எந்தப் பிள்ளையும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே 'ஆ' பிரிவு வந்து வரிசையாக நின்றது. முதல் ஆளாக அக்கா. "மிஷின் ரிப்பேராம்" என்று சொல்லிவிட்டு ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் ரிப்பனைக் கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த ரிப்பன் கட்டிய சடையைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் கயிற்றுக் கட்டிலைச் சுவரில் சாய்த்து, அம்மாவின் பழைய சேலையை அதன்மேல் விரித்தேன். சேலையின் கீழ்முனையில் தலையணையைச் சுற்றிக் கட்டிவிட்டு, மேல்முனையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறி நின்றேன். தைலப் புட்டியின் பச்சை மூடியைத் தரையில் வைத்து, "இதான் பொத்தான். அமுக்குக்கா" என்றேன்.

அக்கா குனிந்தாள். மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கண்ணை மூடியிருந்தாள், உதடு ஏதோ முணுமுணுத்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ரிப்பேரு இல்லக்கா. நாந்தான்..."

"தெரியும்டி. உங்க கிளாஸ் புள்ளைக மதியமே சொல்லிட்டாளுக" என்றாள் கண்ணைத் திறந்து. "எம்புட்டு நேரம் தலகாணி காத்துக் கெடக்கும்? இழு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே இழுத்தேன். தலையணை அசைந்து அசைந்து மேலே ஏறியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

அழுதுகொண்டே அந்தச் சத்தத்தையும் நானே போட்டேன்.